மிஸிஸ் மெல்லரின் சாடி

ரானுயி, ஒக்லாந்து
9.3.1997

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதமும் கிருசாந்திக்கு அனுப்பிய, மரத்தில் செதுக்கிய பாம்பும் கிடைத்தன. பாம்பைத் தன் மேசையில் வைத்திருக்கிறாள். அப்பாவுக்கு நன்றி சொல்லி நாலு வரி எழுதடி என்றேன். "டாட்டின்ட காம்பில போன் வந்த பிறகு சொல்றன்" என்கிறாள். பதினாறு வயதுப் பிள்ளைக்குக் கடிதம் எழுதுவது தண்டனை போலிருக்கிறது.

இங்கே ஒரு விசேஷம். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஏழாம் அறையில் இருக்கும் மிஸிஸ் மெல்லரைப் பற்றி முன்பும் எழுதியிருக்கிறேன். கணவர் மரம் ஏற்றுமதிக் கம்பனியில் இருந்ததால் அறுபதுகளில் நாலு வருடம் ஜப்பானில் வாழ்ந்தவர். என்னுடைய ஜப்பான் மண்பாண்டங்களைப் பற்றிக் கதைக்க எனக்கு இந்த ஊரில் உள்ள ஒரே ஆள் அவர்தான். அவருடைய அறை ஜன்னலோரம் ஒரு சாடி உண்டு. ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைந்த உயரம், கடும் மண்ணிறம், தோளிலிருந்து வெள்ளைக் கிளேஸ், அந்தக் கண்ணாடிப் பூச்சு, வழிந்திருக்கும். பின்னல் ஊசிகளை அதில்தான் போட்டு வைப்பார். போன வியாழக்கிழமை நான் கட்டில் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தபோது, ஊசிகளையெல்லாம் எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, "இதை நீ கொண்டு போ. என்னைவிட நீதான் இதைக் கூடுதலாகப் பார்க்கிறாய்" என்றார். வேண்டாம் என்று இரண்டு தரம் சொன்னேன். மூன்றாம் தரம் சொல்லவில்லை.

அடியில் பெயர் கிடையாது. கியூஷூத் தீவின் ஒரு மலைக்கிராமத்துச் சூளையில் சுட்டதாக இருக்கலாம் என்று நூலகப் புத்தகத்தைப் பார்த்து நினைக்கிறேன். மிசோ என்கிற சோயாக் களியோ ஊறுகாயோ போட்டு வைக்க யாரோ ஒரு குடும்பம் செய்தது. கிளேஸ் என்றால் வேறொன்றுமில்லை, சாம்பலும் கல்மாவும் இரும்பும்தான். ஊரில் பன்னிரண்டு வருடம் இரசாயன வகுப்பில் அதைக் கரும்பலகையில் எழுதிப் படிப்பித்தேன். நெருப்பு அதை என்ன செய்யும் என்று இங்கே வந்த பிறகுதான் கண்டேன்.

ஒன்று. அன்பளிப்பு வாங்கினால் அதற்கென்று வைத்திருக்கும் புத்தகத்தில் எழுத வேண்டும் என்பது இல்லத்து விதி. நான் இன்னும் எழுதவில்லை. எழுதினால் திருப்பிக் கொடுக்கச் சொல்லுவார்களோ என்று ஒரு யோசனை. அடுத்த கிழமை எழுதலாம்.

உங்கள்
ரதி


லாய், பப்புவா நியூகினி
29.3.1997

அன்பின் ரதிக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே பதினொரு நாளாக மழை. பாலத்தின் இரண்டாவது தூணுக்கு வெட்டிய குழி நிரம்பிவிட்டது, பம்ப் வைத்து இறைக்கிறோம். சாப்பாடு பரவாயில்லை. கால் வீக்கம் குறைந்துவிட்டது.

நான் புறப்படும்போது வீட்டில் ஆறு ஜப்பான் சட்டிகள் இருந்தன. இப்போது எத்தனை என்று நீர் எழுதவில்லை. எழுதாததால் கேட்கவும் பயமாயிருக்கிறது. ஒப் ஷொப் என்கிற தருமக் கடையில் பழைய சாமான்களோடு கிடந்ததை வாங்குவது ஒன்று. வேலை செய்யும் இடத்தில் கை நீட்டி வாங்குவது வேறொன்று. அந்தப் புத்தகத்தில் உடனே எழுதும். இந்தக் கடிதம் வருவதற்கு முன்பே எழுதியிருப்பீர் என்று நம்புகிறேன்.

குடியுரிமை விண்ணப்பம் போட்டிருக்கும் நேரத்தில் எந்தச் சின்ன விஷயத்திலும் கவனம் தேவை.

கிருசாந்தி கணக்கில் எப்படி?

கதிர்காமநாதன்


ரானுயி
20.4.1997

அன்புள்ள அத்தானுக்கு,

நான் புத்தகத்தில் எழுதவில்லை. மிஸிஸ் மெல்லர் மார்ச் 24ஆம் திகதி நித்திரையிலேயே போய்விட்டார். அதற்குப் பிறகு எழுதினால் அது வேறு மாதிரித் தெரியும் என்று விட்டுவிட்டேன். இப்போது எழுதாதது வேறு மாதிரித் தெரிகிறது.

சிட்னியிலிருந்து அவருடைய மகள் ஹெலன் வந்தார். அம்மாவுக்கு ஜப்பானில் ஒருவர் பரிசளித்த விலைமதிப்பான சாடி ஒன்று இருந்ததாம். கடும் மண்ணிறம், வெள்ளை வழிந்தது. டிட்டிராங்கியில் பூட்டிக் கிடக்கும் அம்மாவின் வீட்டிலும் அது இல்லை, அறையிலும் இல்லை. என்னோடு வேலை செய்கிற ஒருத்தி, 'ரதி ஒரு சாடியைத் துவாயில் சுற்றிக் கொண்டு போனதைக் கண்டேன்' என்று சொல்லியிருக்கிறாள். அவளில் பிழையில்லை. நான் துவாயில் சுற்றித்தான் கொண்டு வந்தேன், பஸ்ஸில் அடிபடும் என்று.

செவ்வாய்க்கிழமை மேலாளர் கூப்பிட்டார். ஹெலனும் இருந்தார்.

"எங்கள் அம்மா உனக்கு அதைத் தந்ததாகச் சொல்கிறாய். அம்மா எதையும் யாருக்கும் கொடுக்கிறவரில்லை."

"எனக்குத் தந்தவர்."

"ஏன் புத்தகத்தில் எழுதவில்லை?" இது மேலாளர்.

"திருப்பிக் கொடுக்கச் சொல்லுவீங்கள் எண்டு பயந்து எழுதேல்லை" என்பதை என் ஆங்கிலத்தில் சொன்னேன். உண்மை அதுதான். ஆனால் அந்த அறையில் அதைச் சொன்னபோது கள்ளி ஒப்புக்கொள்வது போல என் காதுக்கே கேட்டது.

விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்றிருக்கிறார்கள். சாடியைத் தராவிட்டால் பொலிசுக்குப் போவேன் என்கிறார் ஹெலன். எனக்கு அவர் மேல் கோபமில்லை. என்னை அவருக்குத் தெரியாது.

ரதி


லாய்
4.5.1997

அன்பின் ரதிக்கு,

உமது கடிதத்தை நாலு தரம் வாசித்தேன்.

சாடியைக் கொடுத்துவிடும். ஒரு மன்னிப்புக் கடிதமும் கொடும். விதி விளங்கவில்லை, எங்கள் ஊர்ப் பழக்கம் வேறு என்று எழுதினால் போதும். வெள்ளைக்காரர் அப்படியான ஒரு வசனத்தை எதிர்பார்ப்பார்கள், கிடைத்ததும் விட்டுவிடுவார்கள். பொலிசில் பெயர் பதிந்தால் குடியுரிமை அதோடு சரி. உமக்கு மட்டுமில்லை, பிள்ளைக்கும். ஒரு மண்சாடிக்காக.

கேட்கக்கூடாதுதான். கேட்காமலும் இருக்க முடியவில்லை. அந்த அம்மா தந்தபோது யாராவது கண்டவர்களா? அவருக்கு அந்த வயதில் நினைவு சரியாக இருந்ததா? அந்தச் சாமான்களில் உமக்கு எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும். ஆசைப்பட்ட நேரத்தில், தந்தது போல நமக்குத் தோன்றலாம்.

பம்ப் பழுது. வேலை நிற்கிறது.

கதிர்காமநாதன்


ரானுயி
18.5.1997

அத்தானுக்கு,

யாரும் காணவில்லை. அவருக்கு நினைவு சரியாக இருந்தது.

கொடுக்க மாட்டேன். கொடுத்தால் எடுத்தேன் என்றாகும். மன்னிப்பும் கேட்க மாட்டேன். புத்தகத்தில் எழுதாததற்குக் கேட்டுவிட்டேன், அது மட்டும்தான் என் பிழை.

நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். இதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ரதி


ரானுயி
1.6.1997

திரு. கதிர்காமநாதன் அவர்களுக்கு,

போன திங்கட்கிழமை இல்லத்தில் கூட்டம் நடந்தது. மேலாளர் ஒரு கோப்பைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். உங்கள் கையெழுத்து. திகதி மே 4. எனக்கு எழுதிய அதே நாள். ஒரே பேனாவாகவும் இருக்கலாம்.

"என் மனைவி இந்த நாட்டு வழக்கத்தைச் சரியாக விளங்கிக்கொள்ளாமல் அந்தப் பொருளை எடுத்துவிட்டார். அவருக்காக நான் மன்னிப்புக் கேட்கிறேன். அது திருப்பித் தரப்படும்."

எடுத்துவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். பெற்றுக்கொண்டார் என்று எழுதியிருக்கலாம். உங்கள் ஆங்கிலம் என்னுடையதைவிட நல்லது. தெரியாமல் எழுதிய சொல் அல்ல அது.

மேலாளர் மரியாதையாகத்தான் கேட்டார். "உன் கணவரே இப்படி எழுதியிருக்கிறாரே, இதற்கு என்ன சொல்கிறாய்?" சொல்வதற்கு இருந்ததெல்லாம் தமிழில்தான் வந்தது. அன்றே வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். பஸ்ஸுக்கு நிற்காமல் வீட்டுக்கு நடந்தே வந்தேன். கிருசாந்தி ஏன் நேரத்தோடு வந்துவிட்டீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். கடிதத்தைப் பற்றியும் சொன்னேன். அவள் உங்கள் மகள், அவளிடம் மறைக்க எனக்கு உரிமையில்லை. கேட்டுவிட்டு ஆங்கிலத்தில், "அப்பா உங்களிடம் கேட்கவே இல்லையா?" என்றாள். கேட்டவர்தான், ஆனால் பதிலுக்குக் காத்திருக்கவில்லை என்றேன்.

இனி இது பற்றி எழுத வேண்டாம்.

ரதிதேவி


லாய்
15.6.1997

ரதிக்கு,

எழுத வேண்டாம் என்றீர். இதை மட்டும் எழுதிவிட்டு நிறுத்துகிறேன்.

87இல் ஊரில் ஆமி என்னைப் பிடித்து ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டு நாள் வைத்திருந்தது உமக்குத் தெரியும். எப்படி வெளியே வந்தேன் என்று நீர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. சோதனைச் சாவடியில் யாரோ கல் எறிந்திருக்கிறார்கள். வரிசையில் இருந்த ஆறு பேரையும் கேட்டார்கள். நான் எறியவில்லை. ஆனால் மன்னிப்புக் கேட்டேன். என்ன பிழைக்கென்று சொல்லாமலே, கையெடுத்துக் கும்பிட்டு, திரும்பத் திரும்பக் கேட்டேன். எனக்குப் பக்கத்தில் குணரத்தினம் என்று ஒரு தபால்கந்தோர் எழுத்தர். "நான் செய்யேல்லை, செய்யாததுக்கு ஏன் மன்னிப்புக் கேக்க வேணும்?" என்று நியாயம் கதைத்தார். மூன்றாம் நாள் என்னை விட்டார்கள். அவரை விடவில்லை. பிறகும் அவர் வரவில்லை.

உமது ஏப்ரல் கடிதம் வந்தபோது நீர் அவரைப்போலக் கதைக்கிறீர் என்றுதான் எனக்குப் பட்டது. மேலாளருக்கு எழுதியது உமக்குப் பிடிக்காது என்று தெரிந்தே எழுதினேன். ஒக்லாந்து வேறு இடம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தது கைக்கு வர நாளெடுக்கிறது.

நான் உம்மைச் சந்தேகித்தேனா என்று கேட்டால், ஓம், ஒரு கிழமை அளவில் சந்தேகித்தேன். அதை இல்லையென்று எழுத மாட்டேன்.

கதிர்காமநாதன்


ரானுயி
27.7.1997

அத்தானுக்கு,

ஆறு கிழமையாகப் பதில் போடாமல் இருந்தேன். போடுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. இப்போது இருக்கிறது.

குணரத்தினம் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். அதற்கு இங்கே பதில் எழுதவில்லை. நேரில் கதைக்க வேண்டியது.

போன சனிக்கிழமை ஹெலன் திரும்ப வந்தார். டிட்டிராங்கி வீட்டைக் காலி செய்யும்போது பழைய ஆல்பத்தில் சாடியின் படம் கிடைத்ததாம். அதை என் முகத்துக்கு முன்னால் வைத்து, சாடியை வாங்கிக்கொண்டு போகலாம் என்று மேலாளரையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். முன்னுக்கு அறிவிக்கவில்லை. நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். கை கழுவிவிட்டு உள்ளே வரச் சொன்னேன்.

குசினிச் சுவர்த் தட்டுகளைப் பார்த்ததும் இருவரும் நின்றுவிட்டார்கள். இருபத்து மூன்று பாத்திரங்கள். கிண்ணங்கள், சாக்கே மது ஊற்றும் ஒரு போத்தல், எண்ணெய் ஊற்றும் பாத்திரம், உடைந்து ஒட்டிய பெரிய தட்டு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் கீழே எங்கே, எப்போது வாங்கினேன் என்று சிறு தாள் ஒட்டியிருப்பேன். ஹெண்டர்சன் ஒப் ஷொப், கிளென்ஃபீல்ட் கராஜ் சேல், சேர்ச் சந்தை என்று. மேலாளர் ஒவ்வொரு தாளாகக் குனிந்து வாசித்தார். சாடிக்குக் கீழேயும் தாள் உண்டு. 'மிஸிஸ் மெல்லர் தந்தது, 6.3.97.' அதையும் வாசித்தார். நான் பிறகு எழுதி ஒட்டினேன் என்றும் அவர் நினைக்கலாம், அதனால் அதை நான் காட்டவில்லை. படத்தை மட்டும் கேட்டேன்.

சாடியை ஜன்னலடியில் படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். படத்துச் சாடியின் தோளில் கயிறு கட்ட இரண்டு சின்னக் காதுகள் இருந்தன. என்னுடையதில் காது கிடையாது. இருந்து உடைந்த தழும்பும் இல்லை. ஹெலன் சாடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"கிளேஸையும் பாருங்கள்" என்றேன். "இந்தச் சூளைக்காரர் அதை அகப்பையால் அள்ளித் தோளில் ஊற்றுகிறவர்கள். வழிகிற வழி ஒவ்வொன்றுக்கும் வேறு. உங்கள் படத்தில் மூன்று ஓட்டம், நடுவில் உள்ளது குட்டை. இதில் இரண்டே ஓட்டம், கீழே வந்து சேர்கின்றன. எந்தப் பக்கம் திருப்பினாலும் மூன்று வராது."

அவர் மூன்று தரம் திருப்பினார். பிறகு எங்கள் போனைக் கேட்டு ஹமில்டனிலிருக்கும் தன் தம்பிக்கு எடுத்தார். தம்பியின் குரல் எனக்கே கேட்டது. "அம்மாவின் ஜப்பான் சாடியா? என் கராஜில் இருக்கிறது. பெயிண்ட் பிரஷ் போட்டு வைத்திருக்கிறேன். ஏன்?"

ஹெலன் போனை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார்.

"அப்படியென்றால் இது எது?"

"இது உங்கள் அம்மாவின் அறையில் மூன்று வருடம் ஜன்னலோரம் இருந்தது. பின்னல் ஊசி போட்டு வைத்திருந்தவர்."

ஹெலன் அதை ஒருநாளும் கண்டதில்லை. மூன்று வருடமாக அந்த அறைக்கு வந்ததில்லை. நான் அதைச் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. "என்ன பின்னினார்?" என்று கேட்டார்.

"சதுரத் துண்டுகள். ஒன்றையும் சேர்த்துத் தைக்கவில்லை."

போகும்போது மன்னிப்புக் கேட்டார். சாடியை நானே வைத்துக்கொள்ளச் சொன்னார். மேலாளர் புதன்கிழமை கடிதம் அனுப்பியிருக்கிறார். புத்தகத்தில் எழுதாததற்கு எச்சரிக்கை, மற்றபடி வேலைக்குத் திரும்பலாம் என்று. எச்சரிக்கை நியாயம்தான்.

ஆனால் உங்கள் கடிதம் கோப்பில் இருக்கிறது. அதை நான் எடுக்க முடியாது. எழுதியவர்தான் எழுத வேண்டும்.

ரதி


லாய்
17.8.1997

ரதிக்கு,

மேலாளருக்கு இன்று அனுப்பியதன் பிரதி இதோடு இருக்கிறது. ஆங்கிலத்தில் உள்ளதைத் தமிழிலும் எழுதுகிறேன், நீர் சொற்களைப் பார்ப்பீர் என்பதால்.

"மே 4ஆம் திகதி நான் உங்களுக்கு எழுதிய கடிதத்தில் என் மனைவி ஒரு பொருளை எடுத்ததாகக் குறிப்பிட்டேன். அது எனக்குத் தெரிந்த விஷயம் அல்ல. நான் மூவாயிரம் மைல் தூரத்தில் இருந்தேன். அவரிடம் கேட்டு, பதில் வரும்வரை காத்திருக்காமல் எழுதினேன். அவர் அதைப் பெற்றுக்கொண்டார் என்று முதல் நாளே எனக்கு எழுதியிருந்தார். அவர் சொன்னது உண்மை. நான் எழுதியது பயம்."

கடைசி வசனத்தைத் தட்டச்சு செய்த பெடியன் இது ஆங்கில இலக்கணத்துக்குச் சரியா என்று கேட்டான். அப்படியே இருக்கட்டும் என்றேன்.

தூண் எழும்பிவிட்டது. என் ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது. நீட்டிக்கத் தயாராயிருக்கிறார்கள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. வருவதா நிற்பதா என்பதை நீர் எழுதும். எப்படி எழுதினாலும் ஏற்பேன்.

கதிர்காமநாதன்


ரானுயி
21.9.1997

அத்தானுக்கு,

இல்லத்துக்குப் போய் மேலாளரைக் கண்டேன். உங்கள் இரண்டாவது கடிதம் வந்துவிட்டது. கோப்பைத் திறந்து காட்டினார். முதலாவதை எடுத்து எறிய முடியுமா என்று கேட்டேன். கோப்பில் போனது எதையும் எடுப்பதில்லையாம். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாகத் துளையிட்டுக் கோத்திருக்கின்றன. சரி, நடந்தது அப்படித்தானே என்று விட்டுவிட்டேன்.

வேலைக்குத் திரும்பவில்லை. மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு ஏலக்கடையில் கிழமைக்கு மூன்று நாள் போகிறேன். செத்தவர்களின் வீடுகளிலிருந்து வரும் பெட்டிகளைப் பிரித்து, சீனம் எது, ஜப்பான் எது, இங்கேயே யாரோ ஜப்பானைப் பார்த்துச் செய்தது எது என்று எழுதி வைக்க வேண்டும். முதலாளி என் குசினியைப் பற்றி ஹெலனிடம் கேள்விப்பட்டு ஆள் அனுப்பினார். முதல் நாளே அவர் ஜப்பான் என்று வைத்திருந்த ஐந்து கிண்ணங்களில் நாலு ஜப்பான் இல்லை என்று சொல்லிப்போட்டேன். முகம் கறுத்தது. பிறகு நாலு சீட்டையும் தானே கிழித்தார்.

குடியுரிமைக் கடிதங்கள் வந்துவிட்டன. எனக்கும் கிருசாந்திக்கும் நவம்பரில் சத்தியப்பிரமாணம். உங்களுக்கு வரவில்லை. பொலிஸ் விஷயம் ஒன்றுமில்லை. நாட்டில் தங்கிய நாட்கள் போதாதாம். நீங்கள் எதற்குப் பயந்தீர்களோ அது உங்களுக்கு மட்டும் வேறு வழியால் நடந்திருக்கிறது. இதைச் சந்தோஷமாக எழுதவில்லை.

உங்கள் விண்ணப்பத்தைத் திரும்பப் பார்ப்பதற்கு ஒரு தாள் அனுப்பியிருக்கிறார்கள். மனைவி நிரப்ப வேண்டியது. பெயர், பிறந்த திகதி, வெளிநாட்டில் என்ன வேலை. எல்லாம் எழுதினேன். கடைசிக் கேள்வி, 'இவருடைய நிரந்தர வீடு இந்த விலாசமா?' என்று. ஓம், இல்லை என்று இரண்டு பெட்டி. பேனாவை மூடி வைத்தேன்.

கிருசாந்தி சாப்பிட வந்தபோதெல்லாம் மேசையில் கிடந்த தாளைத் தள்ளி வைத்துவிட்டுச் சாப்பிட்டாள். மூன்றாம் நாள் தமிழில், "அம்மா, இது போஸ்ட்டுக்குப் போக வேணுமெல்லோ?" என்றாள்.

ஓம் என்ற பெட்டியில் குறி போட்டேன். இன்று காலை தபாலில் சேர்த்தாகிவிட்டது. டிசம்பரில் வாருங்கள். விமான நிலையத்துக்கு இரண்டு பேரும் வருவோம்.

ஆனால் அந்தக் குறியைப் போட எனக்கு மூன்று நாள் எடுத்தது. அதையும் அறிந்துகொண்டு வாருங்கள்.

ரதி